கடற்காவலர் காப்டன் வாக்கர்

போரிலே புகழெய்தினோர் சரிதங்களைப் படிக்குங்கால், நாடுகளை வென்றோரும் நகரங்களை அழித்தோருமே பெரும்பாலும் நம் கண்முன் தோன்றுவர். ஆனால் வெல்லுதல் ஒன்றே வீரமன்று, காத்தலும் வீரமேயாம். மந்தையை ஓநாயினின்றும் காக்கும் மேய்ப்பன் புதிய நிலம் எதனையும் வென்றானல்லன். மாலையில் ஆடுகள் எண்ணிக்கை குறையாமற் பட்டியிற் புகுமாயின் அதுவே அவனுக்கு வெற்றி. இரண்டாம் உலக மகாயுத்தத்திலே அட்லாண்டிக் மாகடலில் இத்தகைய மேய்ப்பன் தொழிலை மேற்கொண்டு, அத்தொழிலிலேயே தம் உயிரையும் தேய்த்துவிட்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றேன். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த காப்டன் பிரடெரிக் ஜான் வாக்கர் என்பார் அவர். உயர்பதவிக்கு ஏற்றவரல்லர் என மேலோரால் ஒருகால் ஒதுக்கி வைக்கப்பட்டவரே பின்னர்த் தம் நாட்டின் உணவுப் பாதையைக் காத்தார் என்பது இவ்வரலாற்றின் தனிச்சிறப்பாகும்.

பிறப்பும் பயிற்சியும்

வாக்கர் 1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிளிமத் துறைமுக நகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையாரும் கடற்படை உத்தியோகஸ்தரே. ஆகவே கடலும் கப்பலும் அவர்க்குப் பிள்ளைப் பருவத்திலேயே பழக்கமாயின. 1909-ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் வயதில், அவர் கடற்படை மாணவராகச் சேர்ந்து, ஆஸ்பர்ன், டார்ட்மத் என்னும் இரு கடற்படைக் கல்லூரிகளிலும் கற்றுச் சிறந்த மாணவரெனப் பெயர் பெற்றார். முதல் உலக மகாயுத்தத்தின்போது ஏஜாக்ஸ் என்னும் பெரும் போர்க்கப்பலில் இளைஞராகத் தொண்டு தொடங்கி, 1916, 1917-ஆம் ஆண்டுகளில் மெர்மெய்ட், சார்ப்பிடன் என்னும் நாசகாரிக் கப்பல்களிற் பணிபுரிந்தார். 1919-ஆம் ஆண்டில் மணம் புரிந்துகொண்டார். மூன்று புதல்வரும் ஒரு புதல்வியும் அவர்க்குப் பிறந்தனர்.

அந்த முதல் யுத்தம் பிரிட்டனுக்கு ஓர் அரிய பாடம் கற்பித்தது. 1917-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் வணிகக் கப்பல்களை வரைவின்றி மூழ்கடிக்கவே, அத்தீவு பசியினால் பணிந்துவிடுமோ என்னும் நிலை நேர்ந்தது. தனித்தனியே சென்ற கப்பல்களை ஒருங்கு திரட்டிக் காவற்கப்பல்கள் சூழ அனுப்பும் கான்வாய் முறையே அன்று அந்நாட்டைக் காத்தது. எனினும் யுத்தம் முடிந்தபின் அப்பாடத்தை நினைவிற்கொண்டோர் சிலரே. பெரும் பீரங்கிகள் தாங்கிய போர்க்கப்பல்களிலேதான் பெயரும் பதவியும் கிடைக்கும் எனக் கருதி இளம் உத்தியோகஸ்தர் அவற்றையே நாடினர். வாக்கரோ பலரும் விரும்பாத துறையையே விரும்பி மேற்கொண்டார். போர்ட்லந்து என்னுமிடத்தில் ஆஸ்ப்ரே என்ற பெயருடன் நீர்மூழ்கி எதிர்ப்புப் பயிற்சிக்கூடம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அதிற் பயின்று அக்கலையில் வல்லுநரானார். பின்னர் அட்லாண்டிக் படையிலும் மத்தியதரைக் கடற்படையிலும் அத்துறை உத்தியோகஸ்தராக அமர்ந்தார்.

அக்கலையின் உயிர்நிலை ஆஸ்டிக் என்னும் கருவியாம். கப்பலின் அடியிலிருந்து ஒலியலை ஒன்றை நீரினுள் செலுத்துவர். நீர்மூழ்கியின் உடல் எதிர்ப்படின் அவ்வொலி அதன்மேற் பட்டுத் திரும்பும். திரும்புதற்கு ஆகும் காலத்தைக்கொண்டு தூரத்தையும், கருவி நோக்கிய பக்கத்தைக்கொண்டு திசையையும் அறிவர். ஆனால் இக்கருவிக்கு ஒரு குறையுண்டு. கப்பல் மிக நெருங்கிய பொழுது, ஆழத்திற் கிடக்கும் நீர்மூழ்கி ஒலிக்கற்றையின் கீழ் மறைந்துபோகும். ஆழ்நீர்க் குண்டுகளையோ கப்பலின் பின்புறத்திலிருந்தே உருட்ட வேண்டும். ஆகவே குண்டெறிதற்குரிய அக்கணத்திலேதான் வேட்டைக்காரன் குருடனாவான். இக்குறையை வெல்லும் வழி யாது என்னும் கேள்வியே வாக்கரின் உள்ளத்தில் நெடுநாள் நின்றது.

ஒதுக்கப்பட்ட காலம்

1933-ஆம் ஆண்டில் வாக்கர் கமாண்டர் பதவி பெற்றார். ஷிகாரி என்னும் பழைய நாசகாரிக்குத் தலைவராயிருந்து, அவ்வாண்டின் இறுதியிற் சீனக் கடலிலிருந்த பால்மத் என்னும் கப்பலின் தலைமையை ஏற்றார். 1937-இல் மீண்டும் ஆஸ்ப்ரே கூடத்திற்குப் பரிசோதனைத் துறைத் தலைவராக வந்தார். கடற்படை வழக்கப்படி கமாண்டர் ஒருவர் குறித்த ஆண்டுகளுக்குள் காப்டனாக உயர்த்தப்படாவிடில், அதன்பின் அவர்க்கு உயர்வு கிட்டுதல் அரிது. 1938-ஆம் ஆண்டில் வாக்கரின் பெயர் விடப்பட்டது. உடன் பயின்றோர் மேற்செல்லத் தாம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டிய நிலை வந்தது. நாற்பத்திரண்டு வயதிலே, ஓய்வு பெறும் நாளை எதிர்நோக்கியிருக்கும் ஒருவராய் அவர் ஆயினார்.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. அப்பொழுதும் அவர் கற்ற கலைக்குரிய இடம் உடனே கிட்டவில்லை. 1940-இல் டோவர் துறைமுகத்தில் வைஸ் அட்மிரல் ராம்ஸேயின் கீழ்த் திட்ட உத்தியோகஸ்தராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டு மே மாத இறுதியிலும் ஜூன் முதலிலும் டன்கர்க் கரையிலிருந்து 3,38,000-க்கு மேற்பட்ட போர்வீரர் மீட்கப்பட்டமை உலகறிந்தது. அம்முயற்சியில் வாக்கரும் உழைத்து அரசாங்க அறிக்கையிற் பாராட்டப் பெற்றார். எனினும் அவருள்ளம் கடலிலேயே இருந்தது. பலமுறை வேண்டியபின், 1941 அக்டோபரில், 36-ஆம் காவற்குழுவின் தலைமை அவருக்கு அளிக்கப்பட்டது.

அட்லாண்டிக்கின் நெருக்கடி

அந்நாளில் நிலைமை எத்தகையது என்பதை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் வேண்டும். பிரிட்டன் தனக்கு வேண்டிய உணவிற் பெரும்பகுதியையும், எண்ணெய் முழுவதையும் ஏறக்குறையக் கடல்வழியே வருவித்துக் கொண்டிருந்தது. பிரான்ஸ் 1940-இல் வீழ்ந்தபின் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிஸ்கே விரிகுடாத் துறைமுகங்களிலிருந்தே புறப்பட்டன. பகலில் கப்பற்கூட்டத்தைத் தொடர்ந்து, இரவில் நீர்மட்டத்தின்மேல் எழுந்து, பல நீர்மூழ்கிகள் ஓநாய்க்கூட்டம் போல் ஒருங்கே பாயும். நீர்மட்டத்தில் அவற்றின் வேகம் மணிக்கு 17 நாட். காவல் புரிந்த கார்வெட் என்னும் சிறு கப்பல்களின் வேகமோ 16 நாட். துரத்துவோனினும் துரத்தப்படுவோன் விரைவுடையனாயின் வேட்டை எங்ஙனம் நடைபெறும்? 1942-ஆம் ஆண்டில் மட்டும் நீர்மூழ்கிகளால் ஆயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டு வணிகக் கப்பல்கள் மூழ்கின. அக்கப்பல்களில் மாண்டோர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அடுப்பறையிலும் மேற்றளத்திலும் உழைத்த லஸ்கர் எனப்படும் இந்திய மாலுமிகளும் ஆயிரக்கணக்கில் அக்குளிர்நீரில் உயிர் துறந்தனர்.

வாக்கரின் கப்பலுக்கு ஸ்டார்க் என்று பெயர். நாரை என்பது அதன் பொருள். அது ஸ்லூப் வகையைச் சேர்ந்தது. டெப்ட்போர்ட் என்னும் மற்றொரு ஸ்லூப்பும், மலர்களின் பெயர் பூண்ட சில கார்வெட்டுகளும் அவருடைய குழுவில் இருந்தன. பொறுப்பேற்றவுடன் அவர் தம் கீழுள்ள கப்பற்றலைவர்க்கு ஒரு நெறியை வகுத்தார். பகைவன் தென்பட்டபொழுது கட்டளைக்குக் காத்திராமல் அவரவரே விரைந்து செயல்புரிய வேண்டும். துணிந்து தாக்கியதன் பொருட்டு எவரும் குறை கூறப்படார் என்பதே அந்நெறி. கான்வாயை ஒட்டி நின்று அடி விழும்வரை காத்திருத்தல் அவர்க்கு உடன்பாடன்று. வேலியைச் சுற்றி நிற்பதோடமையாது, ஓநாயின் குகைவரை சென்று துரத்துதலே மந்தைக்குக் காவல் என்பது அவர் கொள்கை.

எச். ஜி. 76 கான்வாய்

அக்கொள்கை விரைவிற் சோதிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 14-ஆம் தேதி ஜிப்ரால்டரிலிருந்து எச். ஜி. 76 எனக் குறிக்கப்பட்ட கான்வாய் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. அதில் 32 வணிகக் கப்பல்கள் இருந்தன. வாக்கரின் குழுவோடு சில நாசகாரிகளும், ஆடாஸிடி என்னும் சிறு விமானந்தாங்கிக் கப்பலும் துணை சென்றன. இவ்வாடாஸிடி ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வணிகக் கப்பலொன்றை மாற்றியமைத்தது. கான்வாய்க்குத் துணை செல்லும் விமானந்தாங்கிகளில் பிரிட்டனுக்கு அதுவே முதலாவதாம்.

டிசம்பர் 17-ஆம் தேதி ஆடாஸிடியின் விமானம் ஒரு நீர்மூழ்கியைக் கண்டது. காவற்கப்பல்கள் கான்வாயை விட்டு நெடுந்தூரம் துரத்திச் சென்று யூ-131 என்னும் அக்கப்பலை மூழ்கடித்தன. அதிலிருந்தோர் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். மறுநாள் யூ-434 அழிந்தது. 19-ஆம் தேதி விடியுமுன் பகைவன் திருப்பியடித்தான். யூ-574 எய்த டார்ப்பிடோவினால் ஸ்டான்லி என்னும் நாசகாரி தீப்பற்றி வெடித்தது. வாக்கர் உடனே ஸ்டார்க்கை அத்திசையிற் செலுத்தினார். ஆழ்நீர்க் குண்டுகளின் அதிர்ச்சியால் நீர்மூழ்கி மேலெழுந்தது. எழுந்தது வட்டமிட்டு ஓடத் தொடங்கவே, ஸ்டார்க்கும் அதன் வட்டத்துள் வட்டமாகத் துரத்திற்று. இரண்டும் மிக நெருங்கியிருந்தமையால் ஸ்டார்க்கின் பீரங்கிகளை அவ்வளவு தாழ்த்திச் சுடவும் இயலவில்லை. ஏறக்குறைய 11 நிமிஷங்களுக்குப்பின் வாக்கர் தம் கப்பலையே ஆயுதமாக்கி அதன்மேல் மோதினார். யூ-574 மூழ்கியது. அதன்பின் இரு திறத்தாருள்ளும் நீரில் தத்தளித்தோரை அவர் கப்பல்கள் கரையேற்றின.

21-ஆம் தேதி இரவு துன்பமும் வெற்றியும் ஒருங்கே வந்தன. ஆடாஸிடியின் தலைவர் இரவிற் கான்வாயினின்றும் விலகித் தனியே நிற்க விரும்பி, துணைக்கு ஒரு கார்வெட்டைக் கேட்டார். கப்பல்கள் போதாமையால் வாக்கர் கொடுத்திலர். தனித்துச் சென்ற ஆடாஸிடி அவ்விரவே யூ-751 எய்த டார்ப்பிடோக்களால் மூழ்கியது. கார்வெட் ஒன்றை அளித்திருத்தல் வேண்டும், அன்றேல் அக்கப்பலைக் கான்வாயின் நடுவே நிற்குமாறு கட்டளையிட்டிருத்தல் வேண்டும் என்று வாக்கர் பின்னர் மனம் வருந்தினார். அதே இரவில் டெப்ட்போர்ட் எறிந்த குண்டுகளால் யூ-567 தன் மாலுமிகள் அனைவரோடும் ஆழ்ந்தது. அதன் தலைவன் என்ட்ராஸ் ஜெர்மனியிற் பெரும்புகழ் பெற்றவன். இவ்வாறு அப்பிரயாணத்தில் வாக்கரின் கப்பல்கள் நான்கு நீர்மூழ்கிகளை அழித்தன. 32 வணிகக் கப்பல்களில் இரண்டே இழக்கப்பட்டன. முப்பது கரை சேர்ந்தன. விமானமும் காவற்கப்பலும் ஒத்துழைப்பின் ஓநாய்க்கூட்டத்தை வெல்லலாம் என்பது அன்றே முதன்முதலாகத் தெளிவாயிற்று. 1942 ஜனவரியில் வாக்கர்க்கு டி. எஸ். ஓ. என்னும் விருது அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ஒருகால் மறுக்கப்பட்ட காப்டன் பதவியும் அவரைத் தேடி வந்தது.

மேசைமேல் நடந்த போர்

ஈண்டு மாணவராகிய நமக்குச் சிறப்பாகப் பயன்படும் ஒரு செய்தியைக் கூறவேண்டும். இரவில் ஒரு கப்பல் தாக்கப்பட்டவுடன் காவற்கப்பல்கள் யாவும் வெளிப்புறம் நோக்கித் திரும்பி, ஒளிக்குண்டுகளால் கடலைப் பகலாக்கித் தேட வேண்டும் என்பது வாக்கர் வகுத்த ஒரு முறை. தம் மனைவியாரைத் தாம் அழைக்கும் செல்லப்பெயரைக் கொண்டு அதற்குப் பட்டர்கப் என்று பெயரிட்டிருந்தார். அம்முறை வெற்றிக்குக் காரணமெனப் பலராலும் போற்றப்பட்டது.

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லிவர்ப்பூல் நகரத்துத் தலைமை நிலையத்தில், கில்பர்ட் ராபர்ட்ஸ் என்னும் உத்தியோகஸ்தர் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அவர் காசநோயினாற் கடற்படையினின்றும் விலக்கப்பட்டிருந்தவர். கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் அவர்க்கு உதவியாளராயினர். அவருட் சிலர் பள்ளி விட்டு வந்து நெடுநாள் ஆகாதவர்; கடற்போரைக் கண்ணாற் கண்டவரும் அல்லர். அவர்கள் தரையிற் கோடுகள் வரைந்து, சிறு பதுமைக் கப்பல்களை நகர்த்தி, நடந்த போர்களை நிமிஷத்துக்கு நிமிஷம் மீண்டும் நடத்திப் பார்த்தனர். கணக்கு ஒவ்வாமையைக் கண்டனர். நீர்மூழ்கி கான்வாய்க்கு வெளியிலிருந்து தாக்குகின்றது என்று கொண்டால் டார்ப்பிடோ சென்ற தூரமும் அடிபட்ட கப்பல் நின்ற இடமும் பொருந்தவில்லை. பகைவன் இருளில் நீர்மட்டத்தின்மேல் வந்து கான்வாயின் வரிசைகளுக்கு உள்ளேயே புகுந்து தாக்குகின்றான் என்பதே அவர்கள் கண்ட முடிபு. அஃது உண்மையாயின், வெளிநோக்கித் தேடும் பட்டர்கப் முறையாற் பயனில்லை. ஆகவே ராஸ்பெரி என்னும் வேறு முறையை அவர்கள் வகுக்க, கடற்படைத் தலைமை அதனை ஏற்றுக்கொண்டது. வெற்றி பெற்ற ஒருவரின் கருத்தாயினும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதன்று என்பதை இது நமக்கு அறிவிக்கின்றதன்றோ?

ஸ்டார்லிங் கப்பல்

ஓய்வின்றி உழைத்த வாக்கர் 1942-இன் பிற்பகுதியில் லிவர்ப்பூலிற் கரைப்பணியில் அமர்த்தப்பட்டார். அந்நாளில் மேற்கடற்பகுதியின் தலைமையை ஏற்ற அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன், எக்கான்வாயோடும் கட்டுப்படாமல் ஆபத்து நேருமிடத்துக்கு விரைந்து செல்லும் உதவிக் குழுக்களை அமைத்தார். அவற்றுள் இரண்டாம் உதவிக் குழு 1943-இல் வாக்கரின் கையில் ஒப்புவிக்கப்பட்டது. அதன் ஆறு ஸ்லூப்களும் பறவைகளின் பெயர் பூண்டவை: ஸ்டார்லிங், ரென், உட்பெக்கர், சிக்னெட், வைல்ட் கூஸ், கைட்.

தலைமைக் கப்பலாகிய ஸ்டார்லிங் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையிற் கட்டப்பட்டு, 1942 அக்டோபரில் நீரில் இறக்கப்பெற்று, 1943 ஏப்ரலிற் பணி தொடங்கியது. எடை ஏறக்குறைய 1,350 டன். நீளம் 300 அடி. வேகம் 20 நாட். நான்கு அங்குலப் பீரங்கிகள் ஆறு. ஆழ்நீர்க் குண்டுகள் நூற்றுக்கு மேல். பெரும் போர்க்கப்பலின் அருகே நிறுத்தினால் அது படகு போலத் தோன்றும். ஆயினும் நீர்மூழ்கி வேட்டைக்கு அதனினும் ஏற்ற கப்பல் அக்காலத்தில் அரிது. அவ்வகைக் கப்பல்கள் இந்தியக் கடற்படைக்கும் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் காவேரியின் பெயரைத் தாங்கியது என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

இக்குழுவைக்கொண்டே வாக்கர் தம் நெடுநாட் கேள்விக்கு விடை கண்டார். ஆழத்திற் பதுங்கிய நீர்மூழ்கியின் தலைவன், தன்னை நோக்கி விரைந்து வரும் கப்பலின் இயந்திர ஒலியைக் கேட்பான். ஆஸ்டிக் ஒலி தன்மேற் படுதலையும் உணர்வான். கப்பல் குருடாகும் அக்கணத்தில் திசை மாறித் தப்புவான். இதனை மாற்ற வாக்கர் இரு கப்பல்களைப் பயன்படுத்தினார். ஒன்று ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நின்று ஆஸ்டிக் பிடியை விடாமற் காத்து நிற்கும். மற்றொன்று தன் ஆஸ்டிக்கை நிறுத்திவிட்டு, மணிக்கு ஐந்து நாட் அளவில் ஓசையடக்கி, பூனை போல் ஊர்ந்து செல்லும். பின்நிற்கும் கப்பலே அதற்கு வழி கூறும். குண்டெறியும் கணத்தையும் அதுவே அறிவிக்கும். நீர்மூழ்கியின் தலைவன் தொலைவிலுள்ள கப்பலின் ஒலியையே கேட்டு, தன்னை எவரும் நெருங்கவில்லை என நம்பியிருப்பான். குண்டுகளோ அவன் தலைமேல் இறங்கும். இதனை ஊர்ந்து தாக்கும் முறை என்பர்.

இம்முறைக்கு வேண்டியது பொறுமை. அது வாக்கரிடம் நிரம்ப இருந்தது. 1943 ஜூன் 1-ஆம் தேதி காலையில் யூ-202 ஆஸ்டிக்கில் அகப்பட்டது. அது குண்டுகள் எட்டாத ஆழத்துக்கு இறங்கிற்று. வாக்கர் அதன் மேலேயே நின்றார். நீருக்கடியில் மூச்சுக்காற்றுக்கும் மின்விசைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் அறிவார். ஏறக்குறைய 15 மணி நேரம் கடந்து, நள்ளிரவையொட்டி, அந்நீர்மூழ்கி மேலெழுந்து அழிந்தது. அதிலிருந்தோரில் முப்பதின்மர் பிழைத்தனர்.

ஜூன் 24-இல் ஒரே நாளில் இரண்டு நீர்மூழ்கிகள் வீழ்ந்தன. யூ-119 மேலெழ, ஸ்டார்லிங் அதன்மேல் மோதியது. மோதிய வேகத்தில் ஸ்டார்லிங்கின் முன்பகுதி சிதைந்தது. வாக்கர் உடனே வைல்ட் கூஸ் கப்பலுக்கு மாறி வேட்டையைத் தொடர்ந்தார். அக்கப்பலின் தலைவர் பழுதுற்ற ஸ்டார்லிங்கைத் துறைமுகம் சேர்த்தார். ஜூலை 30-இல் பிஸ்கே விரிகுடாவில் மூன்று நீர்மூழ்கிகள் ஒருங்கே நீர்மட்டத்தில் அகப்பட்டன. பாய்மரக் கப்பல் காலத்துப் பழைய துரத்தற் கொடியை ஏற்றிக்கொண்டு வாக்கரின் கப்பல்கள் விரைந்தன. இரண்டு விமானங்களால் அழிந்தன. மூன்றாவதாகிய யூ-504 ஸ்லூப்களால் அழிந்தது.

மகனை இழந்த தந்தை

இவ்வெற்றிகளுக்கிடையே அவர் இல்லத்தில் இடி விழுந்தது. அவர்தம் புதல்வருள் ஒருவராகிய திமோத்தி பார்த்தியன் என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலிற் பணிபுரிந்தார். 1943 ஆகஸ்டில் அக்கப்பல் மத்தியதரைக் கடற்பகுதியிற் சென்றது, திரும்பி வரவேயில்லை. நீர்மூழ்கிகளை வேட்டையாடுதலே தொழிலாகக் கொண்டவர்க்கு, தம் மகன் நீர்மூழ்கியிலேயே மாண்டான் என்ற செய்தி வந்தது. ஆழ்கடலின் இருளில், மூடிய இரும்புக் கூட்டுக்குள் மனிதர் இறக்கும் வகை யாதென்பதை அவரினும் நன்கறிந்தோர் யார்? அவ்வறிவு அத்தந்தையின் நெஞ்சை எங்ஙனம் அறுத்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாமேயன்றி எழுத இயலாது. அவர் தம் பணியை விட்டாரல்லர்; மீண்டும் கடலுக்கே சென்றார். அவ்வாண்டு நவம்பர் 6-இல் மேலும் இரண்டு நீர்மூழ்கிகள் அவர் குழுவிடம் வீழ்ந்தன.

இருபது நாளைய வேட்டை

1944 ஜனவரி 31-ஆம் தேதி தொடங்கி பிப்ரவரி 19-ஆம் தேதிக்குள் இரண்டாம் உதவிக் குழு ஆறு நீர்மூழ்கிகளை அழித்தது. யூ-592 முதலாவது, பிப்ரவரி 8-இல் யூ-762, 9-இல் யூ-734, யூ-238 ஆகிய இரண்டு, 11-இல் யூ-424, 19-இல் யூ-264. இறுதியிற் கூறியது நீருள் இருந்தபடியே காற்றை இழுக்கும் புதிய குழாய் பொருத்தப்பெற்றது. அதன் மாலுமிகள் அனைவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். இவ்வேட்டையின்போது ஒலியைத் தொடர்ந்து வரும் டார்ப்பிடோ ஒன்று ஸ்டார்லிங்கை நோக்கி வந்தது. கரை தட்டுமளவு ஆழத்தில் வெடிக்குமாறு அமைத்த குண்டுகளை எறிந்து, கப்பலின் மிக அருகிலேயே அதனை வெடிக்கச் செய்து வாக்கர் தப்பினார்.

குழுவிலும் இழப்பு நேர்ந்தது. உட்பெக்கரின் பின்பகுதியை ஒரு டார்ப்பிடோ பெயர்த்தெறிந்தது. அக்கப்பலைக் கயிறு கட்டி ஒரு வாரம் இழுத்து வந்தும், புயலிற் சிக்கி அது பிப்ரவரி 27-இல் மூழ்கியது. அதன் மாலுமிகளில் ஒருவரும் இறந்திலர். பிப்ரவரி 25-இல் மற்றக் கப்பல்கள் லிவர்ப்பூல் துறையுட் புகுந்தபொழுது, கடற்படை மந்திரியும் அட்மிரல் ஹார்ட்டனும் பெருங்கூட்டமும் கரையில் நின்று ஆரவாரித்தனர். வேட்டைக்குச் செல்வதைக் கூறும் பழைய ஆங்கிலப் பாட்டொன்று ஸ்டார்லிங்கின் ஒலிபெருக்கியில் முழங்கிற்று. துறைமுகம் புகும்போதெல்லாம் அது முழங்குதல் அக்கப்பலின் வழக்கம்.

இறுதி நாட்கள்

ஓய்வு நெடிதாக வாய்க்கவில்லை. மார்ச்சு மாதத்தில் யூ-653 அழிந்தது. அம்மாத இறுதியிலேயே வாக்கரின் குழு ருஷியா நோக்கி வடதுருவக் கடலிற் சென்ற கான்வாய்க்குக் காவலாகச் சென்று யூ-961-ஐ மூழ்கடித்தது. மே 6-ஆம் தேதி, ஏறக்குறைய 18 மணி நேரம் விடாது தொடர்ந்தபின், யூ-473 வீழ்ந்தது. ஜூன் 6-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபொழுது, ஆயிரக்கணக்கான கப்பல்கள் சென்ற அவ்வழியை நீர்மூழ்கிகள் அணுகாவண்ணம் காக்கும் பொறுப்பை ஏற்ற குழுக்களில் வாக்கரின் குழுவும் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேலாக இரவும் பகலும் கப்பலின் மேடையிலேயே அவர் நின்றார்.

அத்துடன் அவ்வுடல் சோர்ந்தது. 1944 ஜூலை மாதத்தில் மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பு உண்டாகி, லிவர்ப்பூலுக்கு அருகிலுள்ள ஸீபோர்த் கடற்படை மருத்துவமனையில், ஜூலை 9-ஆம் தேதி உயிர் நீத்தார். வயது நாற்பத்தெட்டே. பகைவனின் குண்டு எதுவும் அவரைக் கொன்றிலது. ஓய்வறியா உழைப்பே கொன்றது. லிவர்ப்பூல் தேவாலயத்தில் ஏறக்குறைய ஆயிரம்பேர் கூடி ஆராதனை நிகழ்த்தினர். பின்னர் ஹெஸ்பரஸ் என்னும் நாசகாரியில் அவர் உடல் ஏற்றப்பட்டு லிவர்ப்பூல் விரிகுடாவிற் கடலுக்கே அளிக்கப்பட்டது. அவருடைய சொந்தக் குழு அவ்வமயம் அங்கில்லை. அது தன் பணியின்மேற் கடலில் இருந்தது. அவர் மறைந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில், ஜூலை 31-இல், ஸ்டார்லிங் மற்றொரு கப்பலோடு சேர்ந்து யூ-333 என்னும் நீர்மூழ்கியை அழித்தது. ஆசான் போயினும் கற்ற பாடம் நின்றது.

டி. எஸ். ஓ. விருது நான்கு முறையும் ஸி. பி. என்னும் பட்டமும் அவர்க்கு அளிக்கப்பட்டன. அவர் தலைமையில் அழிந்த நீர்மூழ்கிகள் ஏறக்குறைய இருபது. ஸ்டார்லிங் 1965-ஆம் ஆண்டில் உடைக்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் துறைமுகக் கரையில் வாக்கரின் உருவச்சிலை நிறுவப்பட்டது. கடலை நோக்கி நிற்கும் அச்சிலையே இன்று அவரை நினைவூட்டுகின்றது.

நாம் கொள்ளத்தக்கவை

கிறிஸ்துவின் மார்க்கத்தைப் பின்பற்றுவோர் போர்வீரன் ஒருவனைப் போற்றலாமோ என்னும் ஐயம் நம்மிற் சிலர்க்கு எழலாம். அவ்வையம் தள்ளத்தக்கதன்று. இருபது நீர்மூழ்கிகள் எனக் கணக்கிடுவது எளிது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஐம்பது மனிதர் இருந்தனர். அவர்களிற் பலர் நம் வயதினரே. ஜெர்மானிய நீர்மூழ்கிப் படையிற் சேர்ந்த ஏறக்குறைய நாற்பதினாயிரவரில் முப்பதினாயிரவர் வரை திரும்பவில்லை. அவர்க்கும் தாயர் இருந்தனர். போர் பாவத்தின் விளைவு என்பதை இக்கணக்கு ஒன்றே காட்டும். ஆயினும் மறுபுறத்தில், படைக்கலமின்றிக் கோதுமையும் எண்ணெயும் ஏற்றிவந்த ஏழை மாலுமிகளை நினைக்குங்கால், அவர்க்கும் மரணத்துக்கும் நடுவே நின்றவரின் தொண்டை வெறுத்தொதுக்க நம் மனம் இசையவில்லை. வாக்கரின் சரிதம் இவ்விரண்டையும் ஒருங்கே நம்முன் வைக்கின்றது. ஒன்றை மறந்து மற்றொன்றை மட்டும் காண்போர் அவரை உள்ளவாறு அறிந்தவராகார்.

உலகம் மதியாத துறையை உவந்து கற்றமை, பதவி மறுக்கப்பட்ட காலத்தும் கற்றதைக் கைவிடாமை, தம் தவற்றைத் தாமே எண்ணி வருந்தியமை, துயரின் நடுவிலும் கடமையினின்றும் வழுவாமை ஆகிய இவை அவரிடம் நாம் காணும் குணங்கள். வள்ளுவர் வினைத்திட்பத்துக்கும் இடுக்கணழியாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமையின் பொருள் இத்தகையோர் வாழ்விலே நன்கு விளங்கும். மாணவ நண்பர்களே! நம்மிற் பலரும் பிறர் புகழும் துறையையும் பிறர் தரும் பதவியையுமே நோக்கி ஓடுகின்றோம். தேர்விலே பின்னிற்க நேரின் வாழ்வே முடிந்ததெனச் சோர்கின்றோம். நாற்பத்திரண்டாம் வயதில் ஒதுக்கப்பட்டவர் நாற்பத்தைந்தாம் வயதில் தம் நாட்டுக்கு இன்றியமையாதவரானார். இடையிலிருந்த ஆண்டுகளில் அவர் செய்தது ஒன்றே: தமக்குத் தெரிந்த தொழிலை மேலும் நன்றாகத் தெரிந்துகொண்டார். அழைக்கும் நாள் எந்நாள் என்பது ஆண்டவன் ஒருவனுக்கே தெரியும். அந்நாளில் ஆயத்தமாயிருத்தல் நம் கடமை.